ஆற்றின் இரு கரைகள்: மலாக்கா அருங்காட்சியக வருகையைத் திட்டமிடுதலும் தமிழர் வரலாறும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களும் மேற்கொள்ளும் கல்விச் சுற்றுலாக்களில் மலாக்கா நகருக்குத் தனியிடம் உண்டு. நாட்டின் வரலாற்றுப் பாடம் அந்நகரிலிருந்து தொடங்குவதே இதற்குக் காரணமாகும். எனினும், இச்சுற்றுலாக்கள் பொதுவாகச் சிவப்பு வண்ணச் சதுக்கத்தில் நிழற்படம் எடுத்துக்கொள்வது, ஸ்டாட்தைஸ் அருங்காட்சியகத்தின் அறைகளைச் சுற்றி வருவது, கோட்டை வாயிலைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுவது என்ற அளவில் நிறைவடைந்து விடுகின்றன. மாணவர் மனத்தில் பரமேஸ்வரா, போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்னும் ஆட்சி வரிசை பதிகிறது. அவ்வரிசையில் தமிழருக்கு இடமில்லை. இதனால், தமிழர் இந்நாட்டு வரலாற்றுக்குள் இரப்பர்த் தோட்டங்களின் வழியாகத்தான் முதன்முதலில் நுழைந்தனர் என்னும் எண்ணம் அவர்களிடையே உறுதிப்பட்டு விடுகிறது.

இக்குறைக்கு அருங்காட்சியகத்தின் காட்சிப்பொருள்களை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. வருகை திட்டமிடப்படும் முறையே இதற்கு முதன்மைக் காரணம் என்பது நம் கருத்து. மலாக்கா ஆறு நகரின் நடுப்பகுதியை இரண்டாகப் பிரிக்கிறது. அருங்காட்சியகங்கள் பலவும் அமைந்திருப்பது அரசர்களும் ஆளுநர்களும் வாழ்ந்த கரையில். தமிழ் வணிகர் வாழ்ந்ததோ மறுகரையில். பாலத்தைக் கடவாத சுற்றுலா ஆட்சியாளரின் மலாக்காவை மட்டுமே காட்டும். ஆகவே, அருங்காட்சியகத்தையும் மறுகரைத் தெருக்களையும் நகருக்கு அப்பாலுள்ள காஜா பேராங் சிற்றூரையும் ஒரே பாடமாக இணைத்துத் திட்டமிடுவதற்கான வரலாற்று அடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்சியாளர் கரை

ஸ்டாட்தைஸ் என்பது நகர மன்றத்தைக் குறிக்கும் டச்சுச் சொல். 1641-ஆம் ஆண்டில் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கட்டடத்தை எழுப்பினர். ஆளுநரும் அலுவலர்களும் இங்கிருந்து ஆட்சி நடத்தினர். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் இது பள்ளியாகவும் அரசு அலுவலகமாகவும் பயன்பட்டது. 1982-ஆம் ஆண்டிலிருந்து அருங்காட்சியகமாக விளங்குகிறது. இன்று இக்கட்டடத்தின் அடையாளமாகிவிட்ட சிவப்பு வண்ணம் டச்சுக்காரர் பூசியதன்று. தொடக்கத்தில் வெண்ணிறமாக இருந்த சுவர்கள் ஆங்கிலேயர் ஆட்சியின்போதே வண்ணம் மாறின. நாம் காணும் பழமையும் ஒரு காலத்தில் உருவாக்கப்பட்டதே என்பதை மாணவருக்கு உணர்த்த இச்செய்தி ஒன்றே போதும்.

இதே கரையிலுள்ள குன்றின் அடிவாரத்தில் சாந்தியாகோ வாயில் நிற்கிறது. போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் எஞ்சியிருப்பது இதுவே. 1807-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அக்கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். அதன் அருகே, சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையைப் பற்றிய செஜாரா மெலாயுவின் வருணனையைப் பின்பற்றி அமைக்கப்பட்ட மர அரண்மனை, சுல்தானிய அருங்காட்சியகமாக உள்ளது. ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் பொருதும் காட்சியைப் பார்த்தவுடன் மாணவர் அங்கிருந்து நகர்ந்து விடுவர்.

ஆனால், அந்த அரண்மனையிலேயே தமிழரோடு தொடர்புடைய ஒரு வரலாற்று இழை உண்டு. செஜாரா மெலாயு, கலிங்க நாட்டுப் பஹிலி என்னும் நகரிலிருந்து வந்த மணி புரிந்தன் என்பவரைக் குறிப்பிடுகிறது. அவருடைய வழியில் வந்தவர்களாகவே துன் அலியையும், சுல்தான் மஹ்முட் ஷாவின் பெண்டஹாராவாக விளங்கிய துன் முத்தாஹிரையும் அந்நூல் காட்டுகிறது. சுல்தான் முசபார் ஷாவின் தாயும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவரே. கலிங்க நாடு என்று மலாய் இலக்கியங்கள் கூறுவது சோழமண்டலக் கரையையே என்பதால், மலாக்கா அரசவையில் தென்னிந்திய முஸ்லிம் மரபினர் பெற்றிருந்த செல்வாக்கை இதனால் அறிகிறோம். அரண்மனைக்குள் நிற்கும் ஆசிரியர் இச்செய்தியை எடுத்துரைக்காவிட்டால், அதனை மாணவருக்கு உரைப்பார் வேறெவரும் இலர்.

வணிகர் கரை

1511-ஆம் ஆண்டில் அல்புகெர்க்கின் படை மலாக்காவைத் தாக்கியபோது, கடும்போர் நடந்த இடம் ஆற்றின் மீதிருந்த பாலமாகும். அரண்மனைப் பகுதியையும் வணிகர் பகுதியையும் இணைத்தது அப்பாலம். அதனைப் பிடித்தவர் நகரைப் பிடித்தவராவர் என்பதைப் போர்த்துகீசியர் நன்கு உணர்ந்திருந்தனர். இன்று டான் கிம் செங் பெயரால் வழங்கும் பாலம் ஏறக்குறைய அப்பகுதியிலேயே உள்ளது. சில நிமிடங்களில் கடக்கக்கூடிய இப்பாலமே நம் திட்டத்தின் மையமாகும்.

பாலத்திற்கு அப்பால் இருந்த பகுதி சுல்தானியக் காலத்தில் உப்பே எனப்பட்டது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கியிருந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதிய சுமா ஓரியந்தல், நகரின் வணிகத்தைப் பற்றிய மிக விரிவான சமகாலச் சான்றாகும். மலாக்காத் துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாக அவர் எழுதியுள்ளார். வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர் என்பதும், அவர்களுள் ஒருவர் குஜராத்தியருக்கும் மற்றொருவர் கிளிங்கர், வங்காளியர், பெகுவினர், பாசாயினர் ஆகியோருக்கும் பொறுப்பேற்றிருந்தனர் என்பதும் அவர் தரும் செய்திகள். நெடுங்காலம் முழுமையாக அறியப்படாதிருந்த இந்நூலின் கையெழுத்துப் படியை அர்மாந்தோ கொர்தெசாவ் 1937-ஆம் ஆண்டில் பாரிசில் கண்டறிந்தார். அதன் ஆங்கிலப் பதிப்பு 1944-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மலாக்காவில் பிறந்த எரெதியா 1613-ஆம் ஆண்டில் எழுதிய நூலிலும், இக்கரையில் இருந்த கிளிங்கர் குடியிருப்பும் சீனர் குடியிருப்பும் தனித்தனியே பெயர் சுட்டப்பட்டுள்ளன.

கிளிங் என்னும் சொல்லைப் பற்றி ஆசிரியர் முன்கூட்டியே விளக்கிவிடுதல் நன்று. கலிங்கம் என்பதன் திரிபான இச்சொல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர், தெலுங்கர் ஆகியோரைக் குறிக்கும் பொதுப்பெயராகப் பல நூற்றாண்டுகள் வழங்கியது. பிற்காலத்தில் அது இழிவுப் பொருள் பெற்றது. தெருப்பலகையில் இச்சொல்லைக் காணும் மாணவர் மனம் சுருங்கக்கூடும். ஒரு பெயர் மதிப்பிழந்த வரலாறும் வரலாறே. அதனை மறைத்துவிட்டு நடப்பதைவிட, பாலத்தைக் கடக்குமுன் எடுத்துரைப்பதே மேலானது.

இக்கரையின் மூன்று வழிபாட்டிடங்கள் ஒன்றுக்கொன்று நடைதொலைவில் உள்ளன. ஜாலான் துக்காங் எமாசிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம், டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில் 1781-ஆம் ஆண்டில் மலாக்கா செட்டிகளால் எழுப்பப்பட்டது. அதே தெருவில் உள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசல், இந்திய முஸ்லிம் வணிகர்களால் 1748-ஆம் ஆண்டில் மரத்தால் கட்டப்பட்டு, 1872-ஆம் ஆண்டில் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அதன் அடுக்குக் கூரை சுமத்திரா பாணியிலும் கோபுரம் சீனப் பகோடாவை ஒத்தும் அமைந்துள்ளன. சற்று அப்பால் செங் ஹூன் தெங் சீனக்கோயில் இருக்கிறது. பல மொழியினரும் பல மதத்தினரும் ஒரே துறைமுகத்தை நம்பி வாழ்ந்தபோது தெருக்கள் எவ்வாறு அமைந்தன என்பதற்கு இக்கட்டடங்களே கண்கூடான சான்றுகளாகும்.

காட்சிப்பேழைக்குள் வைக்கவியலாத வேறொரு சான்றும் இத்தெருக்களில் உண்டு. கடைப்பலகைகளில் காணும் கெடாய் என்னும் மலாய்ச் சொல் தமிழின் 'கடை'யே ஆகும். அவ்வாறே கப்பல், பெட்டி, முதல் ஆகியவை மலாயில் காப்பால், பெத்தி, மோடால் என வழங்குகின்றன. இந்நான்கும் வணிகத்தோடு தொடர்புடைய சொற்களாக இருப்பது தற்செயலன்று. சொல்லைக் கொண்டுவந்தவர் யார், எத்தொழிலைச் செய்தார் என்பதை அச்சொல்லே காட்டுகிறது.

பெருமையால் மட்டும் விளக்கவியலாத ஒருவர்

தமிழர் வரலாற்றைக் கற்பிக்க முற்படும்போது பெருமைக்குரியவற்றை மட்டும் தொகுத்துக் கூறும் போக்கு நம்மிடம் உண்டு. மலாக்கா அதற்கு இடம் கொடுப்பதில்லை. நினா சாது எனப் போர்த்துகீசிய ஆவணங்கள் குறிப்பிடும் கிளிங்க இந்து வணிகர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவார். 1509-ஆம் ஆண்டில் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். நகர் வீழ்ந்தபின் அல்புகெர்க் அவரைப் பெண்டஹாராவாக அமர்த்தினார். அவர் போர்த்துகீசியரோடு முதலீட்டைப் பகிர்ந்துகொண்டு கப்பல்கள் அனுப்பினார். 1514-ஆம் ஆண்டில் அவருடைய பதவி கம்பார் அரசருக்கு மாற்றப்பட்ட சூழலில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் எனப் போர்த்துகீசியக் குறிப்புகள் கூறுகின்றன.

இவரைத் துரோகி எனக் கூறுவதா? வணிகத்தைக் காத்துக்கொள்ள முயன்ற தலைவர் எனக் கூறுவதா? இன்றைய நாட்டுப்பற்று என்னும் அளவுகோல், பல அரசுகளின் துறைமுகங்களுக்கிடையே வாழ்ந்த பதினாறாம் நூற்றாண்டு வணிகருக்குப் பொருந்துமா? இவ்வினாக்களுக்கு ஆசிரியர் முடிந்த முடிபாக ஒரு விடையைத் தரவேண்டியதில்லை. சான்றுகள் அனைத்தும் வென்றவர் கையால் எழுதப்பட்டவை என்பதை மாணவர் கண்டுகொண்டாலே போதும். அவர் வரலாற்றாய்வின் முதற்படியை எட்டிவிட்டார் எனலாம்.

முன்ஷி அப்துல்லா கற்ற தமிழ்

மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796-ஆம் ஆண்டில் மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து குடியேறிய அரபு மூதாதையரின் வழியில் வந்தவர். கோட்டை தகர்க்கப்பட்டதைச் சிறுவனாக இருந்து கண்ட அவர், அக்காட்சியைத் தம் தன்வரலாறாகிய ஹிகாயத் அப்துல்லாவில் பதிவு செய்துள்ளார். அந்நூல் 1849-ஆம் ஆண்டில் அச்சாகியது. சாந்தியாகோ வாயிலின் முன் நின்று சொல்வதற்கு இதனினும் தக்க சான்று இல்லை.

தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் அந்நூலில் உண்டு. அப்துல்லாவின் தந்தை அவரைத் தமிழ் கற்க ஆசிரியரிடம் அனுப்பினார். மலாக்காவில் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்றும், கணக்குப் பார்ப்பதற்கும் வணிகரோடு உரையாடுவதற்கும் அம்மொழி பயன்பட்டது என்றும் அவர் விளக்குகிறார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரும் தேடிக் கற்ற மொழியாகத் தமிழ் இந்நகரில் விளங்கிய காலம் ஒன்று இருந்தது. அன்று அதற்கு அடிப்படையாக இருந்தது உணர்ச்சியன்று, பயன்பாடேயாகும்.

காஜா பேராங்: மொழி நீங்கிய மரபு

சுமா ஓரியந்தல் காட்டும் வணிகர் மரபின் தொடர்ச்சியாகத் தம்மைக் கருதும் மலாக்கா செட்டிகள், இன்று நகர மையத்திற்குச் சற்று வெளியே காஜா பேராங்கிலுள்ள கம்போங் செட்டியில் வாழ்கின்றனர். உள்ளூர்ப் பெண்களை மணந்த தென்னிந்திய வணிகர்களின் வழித்தோன்றல்களாகிய இவர்கள், வணிகச் செல்வாக்குக் குறைந்த நிலையில் நகரைவிட்டு இங்குக் குடிபெயர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழிலை மேற்கொண்டு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு இவர்களை ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். பொய்யாத விநாயகர் ஆலயத்தின் நிர்வாகம் நகரத்தாரிடம் இருப்பதால், இக்குழப்பம் எளிதில் ஏற்படக்கூடும்.

இவர்கள் சைவ நெறியினர். 1822-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயம் இவர்களுடைய சமய வாழ்வின் மையமாக உள்ளது. பொங்கலை ஒட்டியும் பழங்கள் விளையும் காலத்திலும் முன்னோருக்குப் படைக்கும் சடங்கைப் பார்ச்சு என்பர். உடையிலும் உணவிலும் மலாய்ச் சாயல் மிகுதி. வீட்டு மொழி மலாய். தமிழ் இவர்களிடையே பேச்சு வழக்கிலிருந்து நீங்கிவிட்டது.

இவ்விடத்தில்தான் சுற்றுலாவின் மிகக் கடினமான வினா எழுகிறது. தமிழ் பேசாதவர் தமிழ் மரபினர் ஆவரோ என்று மாணவர் கேட்பர். ஆசிரியரின் முகக்குறிப்பே அதற்கு விடையாகிவிடும். ஏளனமோ இரக்கமோ காட்டும் ஆசிரியர், ஐந்து நூற்றாண்டுகளாகத் தம் தெய்வங்களையும் முன்னோரையும் கைவிடாத ஒரு சமூகத்தை ஒரே அளவுகோலால் அளந்து ஒதுக்கிவிடுகிறார். அதேவேளை, மொழி நீங்கியதைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வதும் சரியன்று. அப்துல்லாவின் காலத்தில் வணிகத்தால் வாழ்ந்த தமிழ், அப்பயன்பாடு சுருங்கியபோது தானும் சுருங்கியது. பிறரும் கற்ற மொழி, அதற்குரியவர் வீட்டிலேயே ஒலிக்காமற் போயிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று.

இச்சமூகத்தைப் பற்றி நூல்கள் இல்லாமலில்லை. சந்து, வீட்லி ஆகியோர் பதிப்பித்து 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த மலாக்கா பற்றிய பெருந்தொகுதியும், சாமுவேல் துரைசிங்கம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் ஆசிரியர் முன்கூட்டியே படிக்கத்தக்கவை. சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் 2018-ஆம் ஆண்டில் மலாக்கா செட்டிகளைப் பற்றிய சிறப்புக் கண்காட்சியை அச்சமூகத்தினரோடு இணைந்து நடத்தியது. ஒரு சமூகம் தன் கதையைத் தானே சொல்ல முன்வரும்போது அருங்காட்சியகத்தின் தன்மையே மாறுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

வருகைத் திட்டம்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் ஒருநாள் வருகையைப் பின்வருமாறு அமைக்கலாம்.

முதலாவது, ஆசிரியர் மாணவரை அழைத்துச் செல்லுமுன் தனியே ஒருமுறை சென்று வருதல் வேண்டும். பழங்கட்டடங்களில் பராமரிப்புப் பணிக்காக அறைகளோ முழுக் கட்டடமோ மூடப்படுவதுண்டு. திறந்திருக்கும் நாள், நேரம், குழுக் கட்டணம் ஆகியவற்றை உரிய அலுவலகத்திடம் நேரடியாக உறுதிசெய்தல் நலம். எல்லா அறைகளையும் காட்ட முயலாமல், நான்கைந்து காட்சிப்பொருள்களைத் தேர்ந்துகொண்டால் போதுமானது.

இரண்டாவது, காலைப்பொழுதின் முதற்பகுதியை ஆட்சியாளர் கரைக்கு ஒதுக்கலாம். அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் நின்றால் மாணவர் கவனம் சிதறும். அதன்பின் பாலத்தின் மீது சற்று நின்று இரு கரைகளையும் காணச் செய்து, போர்த்துகீசியர் இப்பாலத்தை முதற்குறியாகக் கொண்டது ஏன் என வினவலாம்.

மூன்றாவது, ஆலயங்கள் நண்பகலில் நடை சாத்தப்படுவதையும் வெள்ளிக்கிழமை நண்பகல் பள்ளிவாசலில் கூட்டுத் தொழுகை நடைபெறுவதையும் கருத்திற்கொண்டு, வணிகர் கரைக்குரிய நேரத்தை அமைத்தல் வேண்டும். தெருக்கள் குறுகியவை. ஆகையால், பத்துப் பேர் கொண்ட குழுக்களாக நடப்பதே ஏற்றது.

நான்காவது, காஜா பேராங்கிற்குப் பிற்பகலில் செல்லலாம். அச்சிற்றூரின் அருங்காட்சியகத்தோடும் ஊர்ப் பெரியவர்களோடும் முன்கூட்டியே தொடர்புகொண்டு இசைவு பெறுதல் கட்டாயமாகும். அது மக்கள் வாழும் ஊர். வீட்டு வாயிலில் நின்று கேட்காமல் படம் எடுப்பது முறையன்று. அவர்களோடு மலாய்மொழியில் உரையாட மாணவர் தயங்கலாகாது.

ஐந்தாவது, பயிற்றியில் ஆண்டுகளையும் பெயர்களையும் நிரப்பச் செய்யும் வினாக்களைக் குறைத்தல் நன்று. இச்செய்தியை எழுதியவர் யார், அவர் எக்கரையில் நின்று எழுதினார், இங்குப் பேசாதிருப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை ஒவ்வோர் இடத்திலும் எழுப்பினால், மாணவர் தாமே எஞ்சியவற்றைத் தேடிச் செல்வர்.

முடிவுரை

2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. மலாக்காவின் மைய எல்லை, குன்றைச் சூழ்ந்த ஆட்சிப் பகுதியையும் மறுகரையின் குடியிருப்பு வணிகப் பகுதியையும் ஒருங்கே உள்ளடக்கியது. இரு கரைகளும் சேர்ந்ததே மலாக்கா என்பதை அப்பட்டியல் ஏற்றுக்கொண்டுள்ளது. கம்போங் செட்டியோ அம்மைய எல்லைக்கு அப்பால் உள்ளது. எனவே, அதனையும் வருகைத் திட்டத்தில் சேர்ப்பது ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. எந்த வாயிலில் தொடங்குவது, எங்கு நிற்பது, எதைக் கடந்து செல்வது என்று ஆசிரியர் வகுக்கும் நிகழ்ச்சிநிரலும் ஒருவகை வரலாற்றெழுத்தே. அந்நிரலில் பாலம் இடம்பெறுமானால், இரப்பர்த் தோட்டங்களுக்கு முன்னரும் தமிழருக்கு இம்மண்ணில் ஒரு வாழ்வு இருந்தது என்பதையும், அவ்வாழ்வின் ஆக்கமும் இழப்பும் எத்தகையன என்பதையும் மாணவர் தம் கண்களாலேயே கண்டு திரும்புவர்.